கயிறு அறுந்து கருவி நொறுங்கியது. தஞ்சையில் தவித்த வெள்ளைக்காரர்: மலை மலையாய் ஏறி இந்தியாவை அளந்த லாம்டன் கதை

சென்னை பரங்கிமலைக்கு மாதா கோவிலைப் பார்க்கப் போறவங்க நிறைய பேர். அங்கே ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவு சிலையும் இருக்கிறது. அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அவர்தான் கர்னல் வில்லியம் லாம்டன். எந்த மலை உபயோகப்படும், எந்தப் பாறை உபயோகப்படாது என்று தேடித் தேடியே 20 வருடத்துக்கு மேல் வாழ்க்கையைக் கழித்த மனிதர்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்தில் சாதாரண விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் புலி. பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அங்கே 1781-ல் நடந்த யார்க்டவுன் சண்டையில் கைதியானார். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்ததில் ஒரு கண் பார்வையும் கெட்டுப்போனது.

1799-ல் திப்பு சுல்தானுடன் நடந்த போருக்கும் வந்தார். ஒரு நாள் ராத்திரி படை வழிதவறி எதிரி முகாம் பக்கமே நடந்துகொண்டிருந்தது. வானத்தில் நட்சத்திரத்தைப் பார்த்து, திசை தப்பு என்று கண்டுபிடித்துச் சொன்னவர் லாம்டன்தான். அதன் பிறகு அதிகாரிகளிடம் அவருக்கு மவுசு கூடியது.

இந்தியாவை அங்குலம் பிசகாமல் அளக்க வேண்டும் என்று அவர் திட்டம் கொடுத்தார். இது எதற்கு வெட்டிச் செலவு, ஸ்ரீரங்கப்பட்டினம் போகணும்னா பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கே வழி தெரியுமே என்று கம்பெனி அதிகாரி ஒருவர் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள். ஆனாலும் அனுமதி கிடைத்தது.

57 நாள் அளந்த 12 கிலோ மீட்டர்

1802 ஏப்ரல் 10-ந்தேதி வேலை தொடங்கியது. பரங்கிமலை அருகே இருந்து பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். அதாவது 12 கிலோ மீட்டர். 100 அடி இரும்புச் சங்கிலியை 400 தடவை போட்டு அளந்தார்கள். வெயில் பட்டால் இரும்பு நீளும் என்பதால் நிழல் கட்டி அளந்தார்கள். 57 நாள் ஆனது. அந்தச் சங்கிலி முதலில் சீன மன்னருக்குப் பரிசாகப் போனது. அவர் வேண்டாம் என்றதால் சுற்றிச் சுற்றி இவர் கைக்கு வந்து சேர்ந்தது.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவிக்கும் ஒரு கதை உண்டு. எடை அரை டன். லண்டனில் இருந்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டு போய்விட்டார்கள். இது ஆயுதம் இல்லை, அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த கவர்னர் மரியாதையாகச் சென்னைக்கே அனுப்பி வைத்தார்.

எந்த மலை உதவும்?

அதன் பிறகு நடந்ததெல்லாம் மலை ஏற்றம்தான். மூன்று உச்சிகளை முக்கோணமாக இணைத்து, கோணத்தை மட்டும் அளந்து, தூரத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் முறை இது. அதற்கு ஒரு உச்சியில் நின்றால் மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் உயரம் மட்டும் போதாது.

முதலில் கொடிக்காரர்கள் முன்னால் போவார்கள். ஊர்ப்பெயர் கூட சரியாகத் தெரியாத குன்றுகளில் ஏறிப் பார்ப்பார்கள். அடுத்த மலை தெரிகிறதா? நடுவில் மரம் மறைக்கிறதா? அரை டன் கருவியை ஆடாமல் வைக்க இடம் இருக்கிறதா? கயிறு கட்டி மேலே இழுக்க வழி உண்டா? இத்தனையும் பார்த்த பிறகுதான் அந்த மலை தேறும். பனிமூட்டம் வந்தால் அது விலகும் வரை உச்சியிலேயே காத்துக்கிடக்க வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே கருங்குழி மலையும் அப்படித்தான் தேர்வானது. பெங்களூர் பக்கம் சாவனதுர்கா என்ற ராட்சதப் பாறையிலும் அளந்தார்கள். இன்றைக்குப் பாறை ஏறும் வாலிபர்கள் கயிறும் கையுமாகப் போகிற அதே பாறைதான் அது.

மலை இல்லாத தஞ்சாவூர்

காவிரி டெல்டாவில் சிக்கல் வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். குன்றே இல்லை. அதனால் கோவில் கோபுரங்களையே மலையாக வைத்துக்கொண்டார் லாம்டன்.

1808-ம் வருடம். தஞ்சை பெரிய கோவில் விமானத்தின் மேலே தியோடலைட்டைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். பாதியில் கயிறு அறுந்தது. கருவி போய்ச் சுவரில் மோதியது. முக்கியமான வட்டத் தகடு வளைந்து நசுங்கியது. இனி அவ்வளவுதான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். புதுசு வரவேண்டும் என்றால் லண்டனில் இருந்து வர வேண்டும். ஆறு வருட உழைப்பு அந்தரத்தில் நின்றது.

லாம்டன் யாரையும் திட்டிக்கொண்டிருக்கவில்லை. கருவியோடு கூடாரத்துக்குள் போய் அடைந்துகொண்டார். உதவிக்குச் சில கைவினைக்காரர்கள் மட்டும். ஆப்பு அடித்தும், திருகு வைத்து இழுத்தும், மயிரிழை மயிரிழையாகத் தகட்டை நிமிர்த்தினார்கள். ஆறு வாரத்தில் கருவி மறுபடி வேலை செய்தது. அதே கருவியை வைத்துப் பல வருடம் அளந்தார்கள்.

இந்தியாவின் தென்பகுதி அதுவரை வரைபடத்தில் காட்டியதைவிட 40 மைல் குறுகலானது என்று தெரிந்தது இவர் அளந்த பிறகுதான்.

சாகும்வரை அளந்தார்

வடக்கே வடக்கே போய்க்கொண்டே இருந்தார். 1823 ஜனவரி 20-ந்தேதி, இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள ஹிங்கன்காட்டில் முகாமில் இறந்தார். வயது சுமார் 70. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

விட்ட வேலையைத் தொடர்ந்தவர் அவரது உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்கு 1865-ல் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். லாம்டன் பெயருக்கு அந்த அளவு புகழ் கிடைக்கவில்லை.

கருவியைத் தோளில் சுமந்தவர்கள், கொடி பிடித்து உச்சியில் நின்றவர்கள் எத்தனையோ பேர். காட்டுக் காய்ச்சலில் செத்தவர்களும் அதில் உண்டு. அவர்களுக்குச் சிலை கிடையாது. அடுத்த முறை பரங்கிமலை படி ஏறும்போது, அந்தச் சிலையைப் பார்க்கிற ஒரு நிமிடத்தில் அவர்களையும் நினைத்துக்கொள்ளலாம்.