விலைபோகாத இல்லறம்



திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் படவேடு என்னும் ஊர் இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் அது சம்புவராய மன்னர்களின் தலைநகரம். அந்த அரசும் அதன் செல்வமும் எங்கே போயின? கோட்டை கட்டியவர்கள் மறைந்தார்கள். அவர்கள் ஆண்ட மண்ணில் இன்று வாழை தழைத்து நிற்கிறது. முன் சென்றவர்களின் முடிவைப் பூமியிலே சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை நம்மை மீண்டும் மீண்டும் அழைப்பது இதற்காகத்தான்.

அந்த வாழைத் தோட்டத்திலேயே நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. கன்று நட்ட நாளிலிருந்து குலை வெட்டும் நாள்வரை ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஓராண்டைக் கைக்காசில் ஓட்டிய உழவன், விலை படியவில்லையென்றால் வியாபாரியைத் திருப்பி அனுப்பலாம். குலை தள்ளுவதற்கு முன்பே அதன் பேரில் கடன் வாங்கிச் செலவழித்தவனோ, சொன்ன விலைக்குத் தலையாட்டத்தான் வேண்டும். பண்டம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் மறுத்துச் சொல்லும் உரிமை ஒருவனுக்கு உண்டு, மற்றவனுக்கு இல்லை.

சிக்கனத்தின் பொருள் இதுவே. செலவைக் குறைப்பவன் பணத்தை மட்டுமா சேர்க்கிறான்? முடியாது என்று சொல்லும் வலிமையையும் சேர்த்து வைக்கிறான். இந்த உண்மையை வாழ்ந்து காட்டிய ஓர் இளம் தம்பதியின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம். கணவர், விடுதலை வீரரும் உருதுக் கவிஞருமான மௌலானா ஹஸ்ரத் மோஹானி. மனைவி, நிஷாத்துன்னிஸா பேகம்.

மோஹான் ஊர்த் தம்பதி

இன்றைய உத்தரப் பிரதேசத்தில், உன்னாவ் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் மோஹான். அங்கே பிறந்த சையத் ஃபஸ்லுல் ஹஸன் என்பாரே, ஹஸ்ரத் என்ற புனைபெயருடன் ஊர்ப்பெயரையும் இணைத்து ஹஸ்ரத் மோஹானி எனப் புகழ் பெற்றார். காதலின் மென்மையை அவரைப் போல் பாடியோர் உருதுவில் சிலரே. அவருடைய கஸல்களை இன்றும் இசைவாணர்கள் பாடுகிறார்கள்.

நிஷாத்துன்னிஸா பேகமும் அதே ஊரைச் சேர்ந்தவர். பெண்கள் பள்ளிக்கூடம் செல்லாத அக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே உருது, பாரசீகம், அரபு மொழிகளைக் கற்றவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹஸ்ரத் அலிகர் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே இவர்களின் நிக்காஹ் நடந்தது.

1903-ஆம் ஆண்டு ஹஸ்ரத் பி.ஏ. தேறினார். அலிகரில் பட்டம் பெற்ற இளைஞருக்கு அன்றைய அரசாங்கத்தில் உத்தியோகம் காத்திருந்தது. மாதச் சம்பளமும் ஊரார் மதிப்பும் தேடி வந்திருக்கும். அவரோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதே ஆண்டில் ‘உருதூயே முஅல்லா’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். இலக்கியமும் அரசியலும் கலந்த அந்த இதழில் செல்வம் சேர வழியில்லை; சிறைக்குப் போகத்தான் வழியிருந்தது.

சுதேசி இயக்கம் தோன்றியபோது அதைத் தம் வீட்டின் சட்டமாகவே ஆக்கிக்கொண்டார் அவர். அந்நிய நாட்டுத் துணி அவ்வீட்டு வாசலைத் தாண்டவில்லை. விருந்தாளியாகச் சென்ற இடத்தில், குளிர்கால இரவொன்றில் அந்நியக் கம்பளி கொடுக்கப்பட்டபோது, அதைப் போர்த்திக்கொள்ளாமல் இரவெல்லாம் நடுங்கிக் கிடந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

திருகை சுழன்ற நாட்கள்

1908-ஆம் ஆண்டு வந்தது. எகிப்தில் ஆங்கிலேயர் கையாண்ட கல்விக் கொள்கையைக் கண்டித்து, எழுதியவர் பெயரில்லாத கட்டுரையொன்று ‘உருதூயே முஅல்லா’வில் வெளிவந்தது. எழுதியவர் யார் என்று அரசாங்கம் கேட்டது. பெயரைச் சொல்லிவிட்டால் தாம் தப்பலாம். இன்னொருவர் வாழ்வு பாழாகும். ஹஸ்ரத் சொல்லவில்லை. முழுப் பொறுப்பையும் தாமே ஏற்றார். இரண்டாண்டுக் கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் ஓராண்டாகக் குறைந்தது.

அபராதம் கட்டப் பணம் ஏது? அரிதின் முயன்று சேர்த்த நூல்களை அதிகாரிகள் எடுத்துச் சென்று அற்ப விலைக்கு ஏலம் போட்டார்கள். ஓர் எழுத்தாளனுக்கு அதைவிடப் பெரிய சொத்து எது?

சிறையில் அவருக்குக் கிடைத்த வேலை கோதுமை அரைப்பது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 37 கிலோ கோதுமையைக் கைத்திருகையில் அரைத்துத் தரவேண்டும். பேனா பிடித்த கையில் கொப்புளம் எழுந்தது. அந்தத் திருகையின் முன்னிருந்தே அவர் கவிதையும் இயற்றினார். அவ்வாண்டு ரமலான் மாதம் சிறைக்குள்ளேயே கழிந்தது. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் தக்க உணவு இல்லாமலே நோன்பு நோற்றார். அந்த அனுபவத்தையும் பாட்டில் பதிந்து வைத்தார்.

தமிழ் வாசகர்களே! அதே 1908-ஆம் ஆண்டில்தான் நம் வ.உ.சிதம்பரனாரும் தண்டிக்கப்பட்டுக் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். தெற்கே செக்கு, வடக்கே திருகை. இரண்டையும் சுழற்றிய கைகள் ஒரே நோக்கத்திற்காக வருந்தின.

திருகை என்றதும் உங்கள் நெஞ்சில் ஒரு திருக்கரம் நினைவுக்கு வருமே! அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் கரமும் மாவரைத்து மாவரைத்துக் காய்ப்பேறியதல்லவா? பணியாளர் ஒருவரைக் கேட்டுத் தந்தையாரிடம் சென்ற மகளுக்கு, நாயகம் (ஸல்) அவர்கள் உறங்குமுன் ஓத வேண்டிய தஸ்பீஹைக் கற்றுக்கொடுத்து அனுப்பிய வரலாறு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அலீ (ரலி), ஃபாத்திமா (ரலி) இருவரின் இல்லறம், தோல் தலையணையும் திருகையும் நீர்த் தோற்பையும் கொண்டு தொடங்கியது. அந்த வழியில் வந்தவர்களே இந்த மோஹான் ஊர்த் தம்பதியும்.

வீட்டில் இருந்தவர் பட்ட பாடு

சிறை சென்றவரின் துன்பத்தை நாடு அறியும். வீட்டிலிருந்தவரின் துன்பத்தை யார் அறிவார்?

ஹஸ்ரத் கைதானபோது கைக்குழந்தை நயீமா நோயுற்றிருந்தாள். மனைவி இளம் வயதினர். அவர் கண்ணீர் வடித்துக் கணவரின் மனத்தைக் கலங்கச் செய்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டு வந்துவிடுங்கள் என்று வேண்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தில், வந்ததைத் துணிவுடன் தாங்குங்கள், வீட்டை எண்ணி மனம் தளராதீர்கள் என்ற கருத்தே இருந்தது. அக்கடிதமே சிறையில் தமக்கு ஊக்கமளித்ததென ஹஸ்ரத் பின்னர் நினைவுகூர்ந்தார்.

சகோதரர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். கொள்கை கணவருடையதாகவும், அதற்கான பட்டினி மனைவியுடையதாகவும் இருந்தால் அது நீதியாகுமா? சிக்கனம் என்ற பெயரால் தன் வசதி எதையும் விடாமல், மனைவியின் வயிற்றிலும் துணியிலும் மட்டும் மிச்சம் பிடிக்கும் கணவர்கள் இல்லையா? ஹஸ்ரத் வீட்டில் அப்படி நடக்கவில்லை. துறந்ததை இருவரும் சேர்ந்தே துறந்தார்கள். நிஷாத்துன்னிஸா பேகம் கணவரின் பாதையில் இழுத்துச் செல்லப்பட்டவர் அல்லர். அறிந்து தேர்ந்து நடந்தவர்.

கைப்பட உழைத்த குடும்பம்

1909-இல் விடுதலையான ஹஸ்ரத் மீண்டும் இதழைத் தொடங்கினார். வேலைக்கு ஆள் வைக்க வசதியில்லை. ஆகவே வீடே அச்சகமாயிற்று. அவர் தம் கையாலேயே அச்சுப்பொறியை இயக்கினார். மனைவி எழுத்துப் பணியிலும் அச்சு வேலையிலும் தோள்கொடுத்தார். கூலி கொடுக்க வேண்டியதில்லை. கடன் வாங்க வேண்டியதுமில்லை. ஆகவே எவருக்கும் அஞ்சி எழுத வேண்டியதும் இல்லாமற் போயிற்று.

1913-இல் அரசாங்கம் அச்சுச் சட்டத்தைக் காட்டி 3000 ரூபாய் ஜாமீன் தொகை கேட்டது. அக்காலத்தில் 3000 ரூபாய் என்பது அந்த ஏழை வீடு கனவிலும் காணாத தொகை. இதழ் நின்றது. கணவனும் மனைவியும் சோர்ந்து உட்காரவில்லை. அலிகரில் சுதேசித் துணிக்கடை ஒன்று திறந்தார்கள். பட்டதாரி, கவிஞர், பத்திரிகாசிரியர் என்று பெயரெடுத்தவர் முழக்கோல் பிடித்துத் துணி அளந்தார். ஹலாலான உழைப்பில் இழிவு ஏது? வணிகம் செய்த நபித்தோழர்களையும், தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்களையும் அறிந்தவர் அல்லவா அவர்?

1916-இல் ஹஸ்ரத் மீண்டும் சிறைப்பட்டார். இம்முறை கடையும் வீடும் குழந்தையும் கணவரின் நூல்களும் பேகத்தின் தலைமேல் விழுந்தன. கணவரின் கவிதைகளைத் தொகுத்து அச்சிட்டு விற்று, அந்த வருவாயில் குடும்பத்தை நடத்தினார். லக்னோவிலிருந்து பார்க்க வந்த நண்பர் ஒருவர், வீட்டின் எளிய நிலையைக் கண்டு மனம் வருந்திப் பண உதவி செய்ய முன்வந்தார். அவர் அதை ஏற்கவில்லை. உதவ விரும்பினால் கணவரின் நூல்களை விற்றுத் தாருங்கள், அது போதும் என்ற பொருள்பட விடை சொல்லி அனுப்பினார்.

எவ்வளவு பெரிய மானம்! எவ்வளவு தெளிந்த அறிவு! தானம் வேண்டாம், வாடிக்கையாளர் வேண்டும் என்கிற அந்த ஒரு பதிலில் இல்லற நூல் ஒன்றே அடங்கியிருக்கிறது.

சென்னைக்கு வந்த பேகம்

இந்த அம்மையாரின் காலடி நம் சென்னையிலும் பட்டதுண்டு. 1917-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று அவரைச் சந்தித்து, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று கேட்டது. அக்குழுவில் இடம்பெற்றவர்களில் பேகம் ஹஸ்ரத் மோஹானியும் ஒருவர். கணவர் காவலில் இருக்க, சிறு கடையை நம்பி வாழ்ந்த ஒரு பெண்மணி, பேரரசின் மந்திரி முன்னால் நாட்டுப் பெண்களின் உரிமைக்காக நின்றார். யாரிடமும் கடன்படாதவர் யார் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை.

ஹஸ்ரத் 1918-இல் விடுதலையானார். பின்னர் கான்பூரில் குடியேறிச் சுதேசிப் பண்டங்களை விற்றுவந்தார்கள். 1921 டிசம்பரில் அகமதாபாத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், இந்தியாவுக்கு முழு விடுதலையே வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். காந்தியடிகளே அன்று அதை எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. எட்டாண்டுகள் கழித்து, 1929-இல் லாகூரில் காங்கிரஸ் அதே கோரிக்கையை ஏற்றது. பெருங்கூட்டம் எதிர்த்து நின்றபோதும் ஒரு மனிதரால் தம் கருத்தைச் சொல்ல முடிந்தது. ஏன்? அவரிடம் பறிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

பேகம் 1937-இல் இறையடி சேர்ந்தார். இளமையில் அவருடன் பழகிய எளிமை ஹஸ்ரத்தை இறுதிவரை விடவில்லை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினரான பிறகும் இரயிலில் மூன்றாம் வகுப்பிலேயே பயணம் செய்தார். தில்லியில் மாளிகையை நாடாமல் பள்ளிவாசலில் தங்கினார். ஹஜ் கடமையைப் பலமுறை நிறைவேற்றினார். 1951 மே 13-ஆம் நாள் லக்னோவில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்து கவிதைகளும் நற்பெயரும்தான்.

புதுக்குடித்தனம் தொடங்குவோரே!

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. நிக்காஹ் முடிந்து புதுக்குடித்தனம் தொடங்கும் இளைஞர்களே, யுவதிகளே! விருந்துக்கும் நகைக்கும் பட்டுக்கும் வாங்கிய கடன், மணமேடையின் பூ வாடிய பிறகும் வாடாமல் வளர்கிறது. அந்தக் கடனை அடைக்கும்வரை முதலாளி சொன்னதெல்லாம் நியாயமாகும். தவறென்று தெரிந்தும் வாய் திறக்க இயலாது.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. வீண்விரயத்தையும் கைமுடக்கத்தையும் ஒருங்கே விலக்கி நடுவழியில் நடக்கச் சொல்வது நம் மார்க்கம். வருவாய் எவ்வளவு என்பதை மனைவியிடம் மறைக்காதீர்கள். செலவை இருவரும் அமர்ந்து தீர்மானியுங்கள். வராத பணத்தைச் செலவழிக்காதீர்கள். குறைப்பதானால் இருவரும் குறையுங்கள். கைத்தொழில் எதுவாயினும் நாணாதீர்கள். தெருவில் எவர் என்ன வாங்கினார் என்று எண்ணிப் பார்ப்பதை விட்டு, நம் வீட்டில் எது இல்லாமல் வாழ முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

அபராதத்திற்காக நூல்கள் ஏலம் போயின. ஜாமீன் கேட்டதால் அச்சகம் மூடியது. ஆனால் அந்த வீட்டை மட்டும் எவராலும் விலைக்கு வாங்க முடியவில்லை. அத்தகைய இல்லங்களை நம் ஊர்கள்தோறும் வல்ல இறைவன் பெருக்கித் தருவானாக! ஆமீன்.