குளிரிலே உண்மை கண்ட மைக்கல் பரடே

பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் விமானம் பறக்கும்போது, வெளியே குளிர் பூச்சியத்திற்குக் கீழ் 50 பாகை செல்சியசை அண்மிக்கும். அக்குளிரில் எரிபொருள் உறையத் தொடங்கினால், மெழுகுப் பளிங்குகள் அது செல்லும் வழியை அடைத்துவிடும். ஆகவே அதன் உறைநிலையை முன்கூட்டியே அறிதல் இன்றியமையாதது. எண்ணெய்க் கலவைகள் குளிரில் நடந்துகொள்ளும் விதத்தை நுணுகி ஆராய்ந்த மேதை ஒருவர் நாம் வாழும் இலண்டனிலேயே பிறந்தார்.

1791 செப்ரெம்பர் 22இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் மைக்கல் பரடே. வறுமையினால் அவரது பள்ளிப்படிப்பு விரைவிலேயே நின்றது. 14ஆவது வயதில் பிளான்ட்போர்ட் வீதியில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே வாசித்து அறிவு பெற்றார். 1812இல் சேர் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டு எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு றோயல் இன்ஸ்ரிரியூசனில் உதவியாளரானார்.

விளக்கெரிப்பதற்கான எண்ணெய் வாயுவை அழுத்தும்போது எஞ்சிய திரவத்தை அவர் 1825இல் ஆராய்ந்தார். அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்துக் குளிரவைத்தார். ஒரு பகுதி பளிங்காக உறைந்தது. உறையாத பகுதியை ஒற்றுத்தாளால் அழுத்தி அகற்றினார். இவ்வாறு பெற்ற பொருளையே நாம் பென்சீன் என்கிறோம். அது ஏறத்தாழ 5.5 பாகையில் உறையும்.

கலவையின் கூறுகள் யாவும் ஒருங்கே உறைவதில்லை என்பதே இதன் அடிப்படை. விமான எரிபொருளும் பல ஐதரோகாபன்களின் கலவையே. ஆய்வுகூடத்தில் அதைப் பளிங்குகள் தோன்றும்வரை குளிரவைப்பர். பின்னர் மெல்ல வெப்பமேற்றி, கடைசிப் பளிங்கும் மறையும் வெப்பநிலையையே உறைநிலை எனக் கொள்வர். ஜெற் ஏ-1 எரிபொருளின் உறைநிலை −47 பாகைக்கு மேற்படலாகாது.

பரடே சேர் பட்டத்தை ஏற்க மறுத்தவர்; சிறுவர்க்கான நத்தார் விரிவுரைகளைப் பத்தொன்பது முறை நிகழ்த்தியவர். 1867இல் மறைந்து ஹைகேற் மயானத்தில் துயில்கிறார்.

பெற்றோர்களே, கற்ற தொழிலை விட்டுக் கிடைத்த தொழிலைச் செய்து பிள்ளைகளை வளர்ப்போர் எம்மிடையே பலர். அவ்வீடுகளிலிருந்தும் அறிஞர் தோன்றுவர் என்பதற்குக் கொல்லர் மகனின் வாழ்வே சான்று. அவர் பிரித்தெடுத்த பென்சீன் அல்பமார்ல் வீதியிலுள்ள அந்நிறுவனத்தில் இன்றும் பேணப்படுகிறது. விடுமுறை நாளொன்றில் எம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோமாக.