அடுப்படியில் இறைவனுக்குப் பதில் சொன்னவர்

இறைவனின் அழைப்பு என்றதும் நம்மிற் பெரும்பாலோரின் நினைவுக்கு வருபவை குருமடமும் கன்னியர் மடமுமே. ஆண்டுதோறும் உயிர்ப்புக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று கத்தோலிக்க ஆலயங்களில் இறையழைத்தலுக்காக மன்றாடப்படுகின்றது. மன்றாடிவிட்டு, அழைக்கப்பட்டவர்கள் வேறு யாரோ என்ற எண்ணத்துடன் வீடு திரும்புகின்றோம். மறுநாட் காலை வேலைக்குப் புறப்படுகின்றோம். அந்த மன்றாட்டுக்கும் இந்த வேலைக்கும் தொடர்பேதும் உண்டென நமக்குத் தோன்றுவதில்லை.

அத்தொடர்பைத் தேடித் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் இதே பாரிஸ் மாநகரில் வாழ்ந்தார். அவர் குருவானவர் அல்லர். இறையியல் கற்றவரும் அல்லர். போரிலே காயமுற்று நொண்டி நடந்த ஒரு முன்னாட் சிப்பாய். துறவு மடமொன்றின் சமையற்காரர். உயிர்ப்பின் அருட்சகோதரர் லோறன்ஸ் என உலகம் அவரை அறியும்.

அவரது இயற்பெயர் நிக்கொலா எர்மன். 1614ஆம் ஆண்டளவில், லொறேன் பிரதேசத்தில் லுனேவில் நகருக்கு அண்மையிலுள்ள எரிமெனில் என்னும் சிற்றூரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். லொறேன் அந்நாளில் பிரான்சின் பகுதியன்று. தனிக் கோமகன் ஆண்ட நாடு. 1766இலேயே அது முற்றாகப் பிரான்சுடன் இணைக்கப்பட்டது. ஒருபுறம் பிரெஞ்சு அரசும் மறுபுறம் ஜேர்மன் பேரரசுமாக, இடையில் அகப்பட்ட அச்சிறு நாட்டை 1618 முதல் 1648 வரை நீடித்த முப்பதாண்டுப் போர் சின்னாபின்னமாக்கியது. படைகள் மாறி மாறி வந்தன. வந்த படை விளைச்சலை உண்டது; ஊரை எரித்தது; பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் விட்டுச் சென்றது. அத்தகைய மண்ணில் வளர்ந்த இளைஞரின் நிலை பற்றி நம் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவருக்குப் பதினெட்டு வயதானபோது ஒரு மாரிக்காலத்தில் அந்நிகழ்ச்சி நடந்தது. நிகழ்ச்சி என்று சொல்வதற்குக்கூட அதில் ஒன்றுமில்லை. இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்கொம்பாய் நின்ற ஒரு மரத்தை அவர் பார்த்தார். இன்னுஞ் சில காலத்தில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணத்தோடு இறைவனின் பராமரிப்பைப் பற்றிய ஒரு தெளிவு அவர் உள்ளத்திற் புகுந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது தம்மை விட்டு அகலவில்லை என அவர் பிற்காலத்திற் கூறியதாக அறிகின்றோம். பனையும் வேம்பும் பார்த்து வளர்ந்த நாம், இந்நாடுகளுக்கு வந்த முதலாவது குளிர்காலத்தில் தெருவோர மரங்களைக் கண்டு அவை பட்டுப்போய்விட்டன என்றே நினைத்தோம். வசந்தம் வந்து அவை துளிர்த்தபோது நமக்கேற்பட்ட வியப்பை எண்ணிப் பார்த்தால், அந்த இளைஞர் கண்டது என்ன என்பது ஓரளவு புரியலாம்.

அழைப்புக் கேட்டது, ஆயினும் வாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. புனிதர் வரலாறுகளை எழுதுவோர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். மரத்தடியில் அருள் பெற்ற அந்த இளைஞர் மேலுஞ் சில ஆண்டுகள் சிப்பாயாகவே இருந்தார். ஒருமுறை ஜேர்மன் படையினர் அவரைப் பிடித்து, உளவாளி என ஐயுற்று, தூக்கிலிடப்போவதாக மிரட்டினர். தாம் உளவாளி அல்லவென்றும், மனச்சாட்சியில் குற்றமெதுவும் இல்லாததால் சாவைப் பற்றித் தமக்குக் கவலையில்லையென்றும் அவர் நிதானமாகப் பதிலளித்தார். விடுவித்துவிட்டார்கள். சந்தேகத்தின் பேரிற் பிடிபட்டவர்கள் எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. 1635இல் சுவீடன் நாட்டுப் படை றம்பெர்வில்லே என்னும் ஊரைத் தாக்கியபோது அவர் காயமடைந்து பெற்றோரிடந் திரும்பினார். அந்த ஊனம் இறுதிவரை நீங்கவில்லை.

அதன்பின் அவர் தேடியதெல்லாம் தனிமை. உலகைத் துறந்து வனவாசியாக வாழ்வதே அழைப்புக்கு உரிய பதில் என எண்ணி, அதே நாட்டங்கொண்ட ஒரு கனவானோடு சேர்ந்து அவ்வாறு வாழ முயன்றார். ஒரு நாள் உவகை, மறுநாள் துயரம், ஒரு நாள் உறுதி, மறுநாள் தளர்ச்சி என உள்ளம் ஊசலாடியது. தனிமை தமக்கு உரியதன்று எனக் கண்டு அதனை விட்டார். பின்னர் பாரிஸ் வந்து, அரச திறைசேரியிற் பொறுப்பு வகித்த பியூபே என்பவரின் வீட்டிற் பணியாளரானார். அங்கும் சரிவரவில்லை. கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் விகாரமான பணியாளாகவே அவர் தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கின்றார்.

1640ஆம் ஆண்டில் பாரிஸின் வொஜிறார் வீதியிலிருந்த கார்மேல் சபை மடத்தில் அவர் சேர்ந்தார். குருத்துவப் பயிற்சிக்கன்று, உடலுழைப்புக்கென ஏற்றுக்கொள்ளப்படும் சாதாரண சகோதரராக. தமது விகாரத்துக்காக அங்கே கடுமையாக வருந்த நேரிடும், அதனை இறைவனுக்குக் காணிக்கையாக்கலாம் என்பதே அவரது எதிர்பார்ப்பு. 1642இல் இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். அவருக்குக் கிடைத்த பொறுப்பு சமையல். அவருக்கு இயல்பாகவே வெறுப்பான தொழில் அது. எனினும் பதினைந்து ஆண்டுகள் அந்த அடுப்படியில் நின்றார்.

அழைப்புக்குப் பதிலளித்ததும் உள்ளத்தில் அமைதி பிறக்கும் என்று நாம் எண்ணுவோம். லோறன்ஸின் வாழ்வில் மடம் புகுந்த பின்னரே பெருந்துன்பம் தொடங்கியது. தாம் இறைவனுக்கு ஏற்றவரல்லர், தமக்கு மீட்பேயில்லை என்ற அச்சம் ஏறக்குறையப் பத்தாண்டுகள் அவரை வாட்டியது. பழைய படைவாழ்வின் தவறுகள் நினைவில் வந்து வருத்தின. படைப்பனைத்தும், அறிவும், இறைவனுங்கூடத் தமக்கெதிராக நிற்பதாகவும் நம்பிக்கை மட்டுமே தம் பக்கம் எஞ்சியதாகவும் தோன்றிய காலம் அது. அந்த இருளிலேதான் அவர் நாள்தோறும் நெருப்பு மூட்டினார், பாத்திரங் கழுவினார், பசியோடு வந்த துறவியருக்கு உணவு பரிமாறினார். இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: மீட்புப் பெறினும் பெறாவிடினும், உள்ளவரை இறைவன்மீதுள்ள அன்பின் பொருட்டே எதனையுஞ் செய்வது. அச்சத்தோடு வாதாடுவதை நிறுத்திய பின்னரே அச்சம் விலகியது.

அவர் கைக்கொண்ட வழி மிக எளிது, அதனாலேயே கடினமானது. வேலை தொடங்குமுன் இறைவனிடம் சிறிது பேசுவார். இந்த வேலையில் தம்மோடு இருக்கும்படி கேட்பார். வேலைக்கு நடுவே, கை ஓயாதபோதும், உள்ளத்தை ஒரு கணம் அவர்பாற் திருப்புவார். முடிந்ததும் திரும்பிப் பார்ப்பார். நன்றாகச் செய்திருந்தால் நன்றி. தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மனமுடையாமல் மீண்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நூல்கள் கற்பித்த தியான முறைகள் அவருக்குப் பயன்படவில்லை, அவற்றைக் கைவிட்டார். சட்டியில் முட்டைப்பொரியலைத் திருப்பிப் போடுவதையும் இறைவனுக்காகவே செய்வதாகவும், வேறொன்றுஞ் செய்வதற்கில்லாதபோது நிலத்திற் கிடக்கும் துரும்பொன்றை அவருக்காகப் பொறுக்கி எடுப்பதே போதுமென்றும் கருதினார். செப வேளை வேறு, வேலை வேளை வேறு என்ற பாகுபாடு காலப்போக்கில் அவருக்கு மறைந்தது. பலர் ஒரே நேரத்தில் பல பொருள்களைக் கேட்டுக் கூச்சலிடும் சமையலறையிலும் ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் அமைதியோடு அவரால் இருக்க முடிந்தது.

மடத்துக்குத் தேவையான திராட்சை இரசம் வாங்குவதற்கென 1665இல் ஓவேர்ஞ் பகுதிக்கும் மறு ஆண்டு பூர்கோஞ் பகுதிக்கும் அவர் அனுப்பப்பட்டார். வாணிகத் திறமை கிடையாது, காலும் ஒத்துழைக்காது. படகில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடஞ் செல்வதற்கு அடுக்கியிருந்த பீப்பாய்கள் மீது உருண்டுதான் போகவேண்டியிருந்தது. இந்த வேலை இறைவனுடையது, தமக்குத் தெரியாததை அவர் பார்த்துக்கொள்வார் என்ற எண்ணத்துடன் போனார். வேலை ஒழுங்காகவே முடிந்தது. எப்படி முடிந்தது என்பது அவருக்கே விளங்கவில்லையாம்.

புலம்பெயர்ந்து வந்த நம்மவரிற் பலர் இந்நகரின் உணவகங்களிலேதான் தம் முதல் வேலையைத் தொடங்கினர். ஆசிரியராக, எழுதுவினைஞராக, பல்கலைக்கழக மாணவராக இருந்தவர்கள் இங்கே கோப்பை கழுவினார்கள். சமையலறையைக் குறிக்க யாழ்ப்பாணத்தில் நாம் வழங்கும் குசினி என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. இங்கே வந்து அதன் பிரெஞ்சு உடன்பிறப்பைக் கேட்டபோது அது பழகிய சொல்லாகவே ஒலித்தது. வேலைதான் பழகியதாக இருக்கவில்லை. இவர்களைப் பார்த்து, லோறன்ஸைப்போல் மகிழ்ச்சியோடு கழுவுங்கள் என்று போதிப்பது நம் நோக்கமன்று. மடத்தின் வாசலுக்கு அவர் தாமாகவே நடந்து சென்றார். அகதி தானாக வந்தவனல்லன். குறைந்த கூலிக்கும் நீண்ட நேரத்துக்கும் ஆன்மீக விளக்கம் கொடுப்பது முதலாளிகளுக்கு வேண்டுமானால் உதவும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அடுப்படி லோறன்ஸ் தேர்ந்தெடுத்த இடமன்று, வெறுத்த இடம். தமக்குரிய உண்மையான வாழ்வு வேறெங்கோ இருக்கின்றது, அதற்குப் போய்ச் சேர்ந்த பின்னரே இறைவனுக்குப் பதில் சொல்லலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. ஊர் திரும்பிய பின், வதிவிட அனுமதி கிடைத்த பின், நல்ல வேலை கிடைத்த பின் என்று நாம் தள்ளிவைத்த ஆண்டுகளை எண்ணும்போது இது நம்மை உறுத்தத்தான் செய்கின்றது.

சமையலறையில் நிற்க இயலாதபடி கால் மோசமானபோது, அமர்ந்தபடி செய்யத்தக்க வேலையாகத் துறவியரின் பாதணிகளைத் தைக்கும் பணி அவருக்கு வழங்கப்பட்டது. ஆட்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினர். 1666 ஆகஸ்ட் 3ஆந் திகதி ஜோசப் து போபோர் என்ற குருவானவர் வந்தார். 1667 நவம்பர் வரையில் நான்கு தடவை உரையாடி, கேட்டதை எழுதிவைத்தார். பிற்காலத்தில் கம்ப்ரே நகரின் பேராயரான பெனெலோனும் அவரது நோய்ப்படுக்கையில் அவரைச் சந்தித்தார். கடும் நோயிலும் அவர் முகமலர்ச்சியோடு இருந்ததைக் கண்டு வியந்தார். தோற்றத்திலும் பேச்சிலும் நாட்டுப்புறத்துக் கரடுமுரடு அவரிடம் இறுதிவரை இருந்தது. படித்தவர்கள் முன் அதனை மறைக்க அவர் முயலவில்லை என்பது நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது.

1691 பெப்ரவரி 12ஆந் திகதி அவர் இறந்தார். மறு ஆண்டே போபோர் அவரது கடிதங்களையும் ஆன்மீகக் குறிப்புகளையும் பாரிஸில் அச்சிட்டார். 1694இல் உரையாடல்களும் வாழ்க்கைக் குறிப்பும் வெளிவந்தன. இறைபிரசன்னத்தைக் கைக்கொள்ளல் என்னும் பெயரில் பின்னாளிற் பல மொழிகளில் வழங்கிய சிறுநூல் இவற்றிலிருந்து தொகுக்கப்பட்டதே. ஆயினும் அவருடைய சொந்த நாட்டில் அதற்கு நல்ல காலம் வாய்க்கவில்லை. மனித முயற்சியை ஒதுக்கி, இறைவன் முன் செயலற்று இருப்பதே சிறந்தது என்ற கொள்கை பற்றிப் பிரெஞ்சுத் திருச்சபையில் அப்போது பெருஞ் சர்ச்சை நடந்தது. பெனெலோன் தம் நூலுக்கு ஆதரவாக லோறன்ஸை எடுத்துக்காட்டினார். 1699இல் அந்நூலின் 23 கூற்றுகளைப் பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னொசென்ட் கண்டித்தார். பேராயரின் மீது விழுந்த நிழல் சமையற்காரர் மீதும் விழுந்தது. கத்தோலிக்கர் அவரை நெடுங்காலம் மறந்தனர். நாள் முழுவதும் அடுப்படியில் ஓயாது உழைத்தவரின் பெயர், செயலற்றிருத்தல் பற்றிய வழக்கிலே அகப்பட்டது விசித்திரமே. அவரை அழியாது காத்தவர்கள் புரட்டஸ்தாந்தரே. பியர் புவாறே என்ற பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் அந்நூலை மீண்டும் அச்சிட்டார். மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையான ஜோன் வெஸ்லி, 1749 முதல் தாம் வெளியிட்ட கிறிஸ்தவ நூற்றொகுதியில் அதன் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டார்.

அவர் வாழ்ந்த மடத்துக்கும் சோதனை வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது அது சிறைக்கூடமாயிற்று. 1792 செப்டெம்பர் 2ஆந் திகதி, அரசு கோரிய சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்து அங்கே அடைபட்டிருந்த குருக்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் கட்டடத்திலும் தோட்டத்திலும் கொல்லப்பட்டனர். அந்த வளாகத்தில் 1875இல் நிறுவப்பட்ட பாரிஸ் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனம் இன்றும் இயங்குகின்றது. குவிமாடத்துடன் கூடிய புனித சூசையப்பர் ஆலயம், லோறன்ஸின் காலத்தில் நின்றவாறே வொஜிறார் வீதி 70ஆம் இலக்கத்தில் நிற்கின்றது. லாச்சப்பல் பக்கமிருந்து போகிறவர்கள் கார் து நோர் நிலையத்தில் நான்காம் இலக்க மெட்ரோவில் ஏறி, சென் பிளாசீட் தரிப்பிடத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாற் போதும்.