பூண்டி கண்ட சத்தியமூர்த்தி

சொல்லில் வல்லவர் பலர். செயலில் வல்லவர் சிலர். இரண்டிலும் வல்லவராய் விளங்குவோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவர் தீரர் சத்தியமூர்த்தி. அவர்தம் நாவன்மையைச் சட்டமன்றங்கள் அறியும். நெஞ்சுறுதியைச் சிறைக்கூடங்கள் அறியும். அவர்தம் செயல் திறனுக்குச் சான்றாகச் சென்னைக்கு மேற்கே விரிந்து கிடக்கிறது பூண்டி நீர்த்தேக்கம். அதன் வரலாறும் அவர் வாழ்வின் இறுதிப் பகுதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பிறப்பும் இளமையும்

புதுக்கோட்டைச் சீமையில் திருமயம் என்னும் ஊர் உள்ளது. குன்றின்மேல் கோட்டையும், குன்றைக் குடைந்தமைத்த சிவன் கோயிலும் திருமால் கோயிலும் உடைய பழம்பதி அது. 1887ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் அவ்வூரில் சத்தியமூர்த்தி பிறந்தார். அவர் தந்தையார் சுந்தர சாஸ்திரியார் வழக்கறிஞர்.

திருமயத்தைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த நிலம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு அங்கில்லை. பெய்யும் மழையைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்தே மக்கள் வாழ்ந்தனர். குடிப்பதற்குரிய ஊருணியில் எவரும் கால் நனைக்கவும் அஞ்சுவர். அத்தகைய மண்ணில் பிறந்தவர்க்கு நீரின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இளமையிலேயே சத்தியமூர்த்தி தந்தையை இழந்தார். எனினும் கல்வியைக் கைவிட்டாரில்லை. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். சட்டம் கற்று வழக்கறிஞரானார். பொருளீட்டும் தொழில் கைவந்தும், அவர் உள்ளம் நாட்டுத் தொண்டையே நாடியது.

நாட்டுப் பணி

காங்கிரசுப் பேரவையில் சேர்ந்த சத்தியமூர்த்தியின் சொல்வன்மை விரைவில் நாடறிந்ததாயிற்று. 1919ஆம் ஆண்டு இந்தியர்தம் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற குழுவில் அவரும் ஒருவர். 1923ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1928ஆம் ஆண்டு பாரதியார் பாடல்களை அரசு பறிமுதல் செய்தபோது, அச்செயலைக் கண்டித்து மன்றத்தில் முழங்கியவர் அவரே. 1934ஆம் ஆண்டு தேர்தலில் வென்று டில்லி மத்திய சட்டசபைக்குச் சென்றார். அங்குக் காங்கிரசுக் கட்சியின் துணைத் தலைவராய் விளங்கினார். ஆங்கில ஆட்சியாளரை அவர்தம் மொழியிலேயே மடக்கிக் கேள்வி கேட்பதில் அவருக்கு நிகர் அவரே.

அவர் உள்ளம் அரசியல் ஒன்றிலேயே அடங்கி நின்றதன்று. நாடக மேடையில் வேடம் புனைந்து நடித்தார். இசைக்கும் நடனத்திற்கும் ஆதரவு திரட்டினார். விருதுநகரிலிருந்து வந்த காமராசர் என்னும் இளைஞரின் ஆற்றலை உணர்ந்து, அவரைத் தமக்கு உறுதுணையாக வளர்த்தவரும் அவரே. 1936இல் தமிழ்நாட்டுக் காங்கிரசுக்குச் சத்தியமூர்த்தி தலைவர், காமராசர் செயலாளர். 1940இல் காமராசர் தலைவரானார். அவருக்குச் செயலாளராய் இருந்து பணிபுரிய ஆசிரியராகிய சத்தியமூர்த்தியே முன்வந்தார். பதவியைப் பெரிதெனக் கருதாத பண்பிற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சென்னையின் நீர்த் தாகம்

கடற்கரையில் அமைந்த நகரம் சென்னை. அதற்குக் காவிரி போன்ற பேராறு இல்லை. தொடக்க காலத்தில் மக்கள் கிணறுகளையும் குளங்களையுமே நம்பி வாழ்ந்தனர். 1772ஆம் ஆண்டு ஏழு கிணறுகள் தோண்டிக் கோட்டைக்கு நீர் கொண்டு சென்றனர். அவ்விடம் ஏழுகிணறு என்றே இன்றும் வழங்குகிறது.

1866ஆம் ஆண்டு பிரேசர் என்னும் பொறியாளர் ஒரு திட்டம் வகுத்தார். கொசத்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு அமைத்து, நீரைச் சோழவரம் ஏரிக்கும் செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, அங்கிருந்து நகருக்குக் கொணர்வதே அத்திட்டம். 1872இல் அது நிறைவேறியது. ஆயினும், செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை நீர் திறந்த மண் கால்வாயிலேயே வந்தது. வழியில் மண்ணும் மாசும் கலந்தன. நீர் கிடைத்தது, தூய நீர் கிடைத்திலது. ஆகவே 1914ஆம் ஆண்டு மூடிய கால்வாயும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் அமைக்கப்பெற்றன. நீரைத் தேக்குவது ஒரு பணி. தேக்கிய நீரைத் தூயதாய்க் காப்பது மற்றொரு பணி. இரண்டாம் பணியின் இன்றியமையாமையை நகரம் அன்றே கற்றுக்கொண்டது.

ஆனால் மக்கள் தொகை நாளும் பெருகியது. 1911இல் 5 இலட்சத்துப் பதினெண்ணாயிரமாய் இருந்த சென்னை மக்கள் தொகை, 1941இல் 7 இலட்சத்து எழுபத்தேழாயிரமாய் உயர்ந்தது. ஏரிகளோ முன்பிருந்த அளவினவே. பருவமழை பொய்த்தால் குழாய்கள் வறண்டன. மழை மிகுந்தாலோ, கொசத்தலையாற்று வெள்ளம் தேங்க இடமின்றி எண்ணூர்க் கழிமுகத்தின் வழியே வீணே கடலிற் கலந்தது. கண்ணெதிரே நீர் ஓடக் கைக்குடத்தில் நீர் இல்லாத நிலை அது.

மேயர் சத்தியமூர்த்தி

இந்நிலையில், 1939ஆம் ஆண்டின் இறுதியில் சத்தியமூர்த்தி சென்னை நகர மேயர் ஆனார். அப்போது இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. இந்திய மக்களைக் கேளாமலே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகியிருந்தன. சென்னை மாகாணத்தில் ஆளுநரின் நேர் ஆட்சி நடைபெற்றது.

கொசத்தலையாற்றின் குறுக்கே, திருவள்ளூருக்கு அண்மையிலுள்ள பூண்டியில் பெரியதோர் அணை கட்டி நீரைத் தேக்க வேண்டும் என்பது திட்டம். அதற்கு அரசின் இசைவு வேண்டும், பெரும்பொருளும் வேண்டும். போர்க்காலத்தில் இரும்பும் சிமெண்டும் படைத் தேவைக்கே முதலில் சென்றன. போர் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று திட்டத்தைத் தள்ளி வைப்பது எளிது. தாகத்தைத் தள்ளி வைக்க இயலுமா?

சத்தியமூர்த்தியின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர் வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் போராடியது ஆங்கில ஆட்சி. நகருக்கு நீர் வேண்டுமானால் அவ்வாட்சியின் இசைவைப் பெற்றே ஆகவேண்டும். ஆட்சியை எதிர்ப்பது அவர் கொள்கை. மக்களுக்கு நீர் தருவது அவர் கடமை. ஒன்றற்காக மற்றொன்றை அவர் விட்டுவிடவில்லை. தம் வாதத் திறனையெல்லாம் பூண்டிக்காகச் செலவிட்டார். அரசு இசைந்தது. மேயராகி ஓராண்டு நிரம்புமுன்னரே, 1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஆளுநர் ஆர்தர் ஹோப் பூண்டி அணைக்கு அடிக்கல் நாட்டினார்.

அடிக்கல் நாட்டிய ஆரவாரம் அடங்குமுன்னரே, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சத்தியமூர்த்தி சிறை புகுந்தார். கடமைக்காக ஆட்சியோடு பேசியவர், கொள்கைக்காக அதே ஆட்சியின் சிறையை ஏற்றார்.

நிறைந்த ஏரியும் மறைந்த தலைவரும்

பூண்டியில் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் எழுந்தது. பம்பாயில் கூடிய காங்கிரசுக் கூட்டத்திற்குச் சென்று திரும்பிய சத்தியமூர்த்தியை அரசு கைது செய்து, தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்கு அனுப்பியது. முன்னரே நலிவுற்றிருந்த உடல் அத்துன்பத்தைத் தாங்கவில்லை. முதுகெலும்பில் நோய் கண்டு நடமாட்டமும் தளர்ந்தது. சென்னைப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பெற்ற அவர், 1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 55.

மறு ஆண்டு, 1944 ஜூன் திங்களில் பூண்டி நீர்த்தேக்கம் நிறைவெய்தியது. செலவு ஏறத்தாழ 65 இலட்சம் ரூபாய். சென்னைக்குக் குடிநீர் தருவதற்கென்றே ஆற்றின் குறுக்கே கட்டப்பெற்ற முதல் நீர்த்தேக்கம் அதுவே. ஏறத்தாழ 257 கோடி கன அடி நீரைத் தேக்கும் வகையில் அது அமைந்தது. பூண்டி கண்டவர் என்று உலகம் அவரைப் போற்றுகிறது; ஆனால் நீர் நிறைந்த பூண்டியை அவர் கண்ணாற் கண்டிலர். அந்நீரில் ஒரு துளியும் அவர் பருகிலர். நன்றி மறவாத நாட்டினர் அதற்குச் சத்தியமூர்த்தி சாகர் எனப் பெயர் சூட்டினர்.

இவ்வேரிக்காக இழந்தவர்களையும் நாம் மறத்தலாகாது. நீர் பரவும் நிலத்தில் வாழ்ந்த மக்கள் தம் இடத்தை விட்டு நகர வேண்டியதாயிற்று. கண்ணொளி இழந்து வந்த சுந்தரருக்கு இறைவன் ஊன்றுகோல் அளித்ததாகச் சொல்லப்படும் திருவெண்பாக்கத்துக் கோயிலும் ஏரிநீருள் அமிழ்ந்தது. அதனைப் பெயர்த்தெடுத்துப் பூண்டியில் மீண்டும் அமைத்தனர். நகரத்தார் பருகும் நீருக்குச் சிற்றூரார் தந்த விலை அது.

பூண்டியின் பயன்

தொடக்கத்தில் பூண்டி நீர் ஆற்றின் வழியே தாமரைப்பாக்கம் சென்று, சோழவரத்தையும் செங்குன்றத்தையும் அடைந்தது. வழியில் மணல் உறிஞ்சிய நீர் மிகுதி. 1972இல் அமைந்த கால்வாய் அவ்விழப்பைக் குறைத்தது. பின்னர் அணையின் நீர்மட்டம் உயர்த்தப்பெற்றது. கொள்ளளவு 323 கோடி கன அடியாயிற்று. ஆந்திரத்துக் கண்டலேறு அணையிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கால்வாய் வழியே கடந்து, 1996ஆம் ஆண்டு கிருஷ்ணை நீர் தமிழ்நாட்டை எட்டியது. அந்நீரை வரவேற்று ஏற்கும் இடமும் பூண்டியே. சத்தியமூர்த்தி விரும்பிய ஏரி, இவ்வாறு இரு ஆறுகளின் நீரைத் தாங்கும் பேறு பெற்றது.

ஏரி நிரம்பி மதகுகள் திறக்கும் காலத்தில், நுரைத்துப் பாயும் வெள்ளத்தைக் காணக் குடும்பங்கள் பூண்டியில் திரள்கின்றன. வலசை வரும் பறவைகளைக் காண்போரும், கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு களிப்போரும் பலர். அருகிலுள்ள அருங்காட்சியகத்தில், அத்திரம்பாக்கம் முதலிய இடங்களில் கிடைத்த கற்கருவிகளைக் காணலாம். ஆற்றங்கரையில் தொல்மனிதர் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று. நீருள்ள இடத்தையே மனிதர் என்றும் நாடினர் என்பதை அக்கற்கள் வாய் திறவாமல் உரைக்கின்றன.

மாசும் காப்பும்

ஆனால் இன்பம் நாடி வருவோர் எல்லாரும் ஏரிக்கு இன்பம் தருவோராய் இல்லை. உண்ட இலையையும் பிளாஸ்டிக் பைகளையும் கரையில் எறிந்து செல்வோர் உளர். அவை மழையில் அடித்துச் செல்லப்பெற்று நீரில் சேர்கின்றன. நகரம் வளர வளர, ஏரிகளைச் சூழ்ந்து வீடுகளும் தொழிற்சாலைகளும் பெருகுகின்றன. கழிவுநீர் கலந்தால் நீரில் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும், அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும், மீன்கள் மாளும்.

ஏரிநீரைப் படிகாரம் இட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து நமக்கு அளிக்கின்றனர். கலங்கலை அகற்றவும் நோய்க்கிருமிகளைக் கொல்லவும் இம்முறை உதவும். ஆனால் தொழிற்சாலைக் கழிவில் கரைந்துள்ள நச்சுப் பொருள்களை மணல் தடுக்காது. ஆகவே மாசினை நீக்குவதினும் மாசு சேராமற் காப்பதே அறிவுடைமை.

நீர் என்றும் நிறைந்திருக்கும் என எண்ணுதலும் பிழை. 2015இல் பெருமழையால் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019இல், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. குடங்களோடு மக்கள் தெருவில் நீண்ட நேரம் காத்து நின்றனர். மழை பெய்யும் நாளில் தேக்காதவனுக்கும், தேக்கியதைக் காவாதவனுக்கும் கோடை காட்டும் பாடம் ஒன்றே.

மாணவர்களே! கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். மழையை அத்துணை உயர்வாய்ப் போற்றிய மரபு நம்முடையது. தாம் காணாத ஏரிக்காக, தாம் பருகாத நீருக்காக உழைத்தார் சத்தியமூர்த்தி. அவர் போல் அணை கட்டும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் குழாயை வீணே திறந்து வைக்காதிருத்தலும், ஏரிக்கரையில் குப்பை எறியாதிருத்தலும், எறிவாரைப் பணிவோடு தடுத்தலும் எல்லார்க்கும் இயலும். நமக்குப் பின் வருவோர் பருகப்போகும் நீரை நாம் தூயதாய்க் காப்போமாக. பூண்டி கண்ட பெருந்தகைக்கு நாம் செலுத்தத் தகும் நன்றி அதுவே.