ஆயிரம் பவுண்டு மீனைத் தாங்கிய ரீல்: ஸேன் கிரே என்ற தூண்டில் பைத்தியத்தின் கதை

ரீல்ஸ் பார்க்கிற கூட்டத்துக்கு இன்னிக்கு வேற ஒரு ரீல் பற்றிச் சொல்லணும். தூண்டில் கம்பில் மாட்டுகிற ரீல். மீன் பிடிக்கிற வீடியோ ஒன்றிரண்டைத் தெரியாத்தனமா லைக் பண்ணிட்டா போதும், உங்க ஃபீடில் அப்புறம் அதுவேதான் ஓடும். ஷிமானோவா, டாய்வாவா, பென்னா? எது நல்லா இழுக்கும், எது உப்புத்தண்ணியில் தாங்கும், பழுதானா எந்தக் கம்பெனி போனை எடுக்கும்? கமெண்டில் அடிதடியே நடக்கும்.

போன வருஷம் அந்த ஆர்வத்தில் நானும் ஆன்லைனில் ஒரு ரீல் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். நாலாவது தடவை கடல் பக்கம் கொண்டுபோனப்போ கைப்பிடி அப்படியே இறுகிடுச்சு. கஸ்டமர் கேரில் ஒரு வாரம் பேசினேன். கடைசியில் அவங்க சொன்ன தீர்வு, புதுசு வாங்கிக்கோங்க. அந்தக் கடுப்பில் ரீல்களின் பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது கிடைத்தவர்தான் ஸேன் கிரே. இந்த பிராண்டு சண்டையை நூறு வருஷத்துக்கு முன்னாடியே தன் சொந்தக் காசில், நடுக்கடலில் போட்டுப் பார்த்த மனுஷன்.

உலகத்துக்கு அவர் எழுத்தாளர். அமெரிக்காவின் கௌபாய் கதைகளை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர். 1912-ல் வந்த 'ரைடர்ஸ் ஆஃப் த பர்ப்பிள் சேஜ்' நாவல் இன்னமும் அச்சில் இருக்கிறது. அவர் கதைகளை வைத்து நூறு படங்களுக்கு மேல் வந்துவிட்டன. எழுதியே கோடீஸ்வரர் ஆன முதல் சில பேரில் ஒருவர். அந்தக் காசெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டால், பெரும்பகுதி கடலுக்குள்தான்.

பல் டாக்டர் மகன்

1872 ஜனவரி 31-ல் ஓஹாயோ மாநிலத்தின் ஸேன்ஸ்வில் ஊரில் பிறந்தார். அம்மா வழி முன்னோர் உருவாக்கிய ஊர் அது. அப்பா பல் டாக்டர், ரொம்பக் கண்டிப்பானவர். பையன் பதினைந்து வயதில் எழுதிய முதல் கதையைக் கிழித்துப் போட்டு அடியும் கொடுத்தார். தூண்டிலோடு ஆற்றங்கரையில் திரிவதும் அப்பாவுக்குப் பிடிக்காது. ஊரில் தனியாக வாழ்ந்த ஒரு வயசான தூண்டில்காரர்தான், உனக்குப் பிடிச்சதைச் செய்யுடா என்று பையனுக்குத் தைரியம் சொன்னவர். மீன், எழுத்து என்று இரண்டு பைத்தியமும் சேர்ந்தே வளர்ந்தன.

பேஸ்பால் நன்றாக ஆடியதால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1896-ல் பல் மருத்துவப் பட்டம். நியூயார்க்கில் கிளினிக் போட்டார். பல் பிடுங்குவதில் மனசு ஒட்டவில்லை. சனி, ஞாயிறு ஆனால் டெலவேர் நதிக்கரையில் இருக்கும் லாக்கவாக்ஸன் என்ற சின்ன ஊருக்கு ஓடிவிடுவார். 1900-ல் அங்கே லீனா ரோத் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவருக்கு அப்போது 17 வயது. டாலி என்று கூப்பிட்டார்கள். 1905-ல் கல்யாணம்.

1902-ல் பத்திரிகையில் அச்சான அவருடைய முதல் கட்டுரையே டெலவேர் நதியில் மீன் பிடித்த அனுபவம்தான். டாலிக்குக் கொஞ்சம் பரம்பரைச் சொத்துப் பணம் இருந்தது. கிளினிக்கை மூடிவிட்டு எழுதுங்க என்று சொல்லி, அந்தப் பணத்தில் குடும்பத்தை ஓட்டியவர் அவர். கணவர் கிறுக்கித் தள்ளுகிற பக்கங்களைத் திருத்தி, பிழை நீக்கி, பதிப்பகங்களோடு பேரம் பேசியதும் டாலிதான். புத்தகங்கள் விற்க ஆரம்பித்த பிறகு வருமானத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

விரல் உடைக்கும் கருவி

கலிபோர்னியா கரைக்கு எதிரே கேட்டலினா என்று ஒரு தீவு. அங்கே அவலான் ஊரில் 1898-ல் டூனா கிளப் தொடங்கியது. ராட்சத சூரை மீனைக் கம்பும் ரீலும் வைத்துத்தான் பிடிக்கணும், நூல் இவ்வளவு கனத்துக்கு மேல் போகக்கூடாது, இன்னொருத்தர் கை படக்கூடாது என்று ஏகப்பட்ட விதிகள். தராசில் நிறுத்து எழுதிய எடைதான் கணக்கு. மீன் பிடிக்கிறவங்க ரீல் விடுவாங்க என்ற கெட்ட பேர் எல்லா ஊரிலும் உண்டு; இங்கே அது செல்லாது. கிரேவும் இங்கே உறுப்பினர் ஆனார்.

அந்தக் காலத்து ரீல் எப்படி இருந்தது தெரியுமா? மீன் ஓடினால் நூலோடு சேர்ந்து கைப்பிடியும் பின்பக்கமாகச் சுழலும். நூறு கிலோ மீன் பாய்ந்தால் அந்தக் கைப்பிடி ஃபேன் மாதிரி சுற்றும். கையை எடுக்க ஒரு நொடி தாமதமானாலும் விரல் முட்டி காலி. வேகத்தைக் குறைக்கணும்னா ஒரு தோல் பட்டையைக் கட்டைவிரலால் ஸ்பூலின் மேல் அழுத்தணும். பிரேக் உங்க கட்டைவிரல்தான்.

கேட்டலினாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த வில்லியம் போஷன் என்பவர் இதற்கு ஒரு வழி யோசித்தார். ரீலுக்குள்ளேயே உராய்வுத் தட்டுகளை வைத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் நட்சத்திர வடிவச் சக்கரம் ஒன்றால் அவற்றை இறுக்கலாம், தளர்த்தலாம். வைத்த அழுத்தத்தை மீன் தாண்டினால் ஸ்பூல் மட்டும் வழுக்கி நூல் விடும்; கைப்பிடி அசையாது. புரூக்ளினில் ரீல் செய்துகொண்டிருந்த ஜூலியஸ் வோம் ஹோஃப் கம்பெனி அதைச் செய்து கொடுத்தது. 1913-ல் அந்த ரீலால் போஷன் 358 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். கம்பும் ரீலும் வைத்துப் பிடித்த முதல் வாள்மீன் அதுதான். இன்னிக்கு நீங்க கடையில் எடுத்துப் பார்க்கிற கடல் ரீல்களில் கைப்பிடிக்குக் கீழே ஸ்டார் மாதிரி ஒன்று இருக்குமே, அதன் தாத்தா இந்த ரீல்.

கிரேவின் ஆட்டம் சூடு பிடித்தது இந்த ஸ்டார் டிராக் வந்த பிறகுதான். அவருக்கு வாள்மீன் வெறி. நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்று கண்ணில் படாத மீன், பட்டாலும் கடிக்காது. 1920-ல் 418 பவுண்டில் ஒன்றைப் பிடித்தார். தலைகால் புரியாத பெருமை.

அடுத்த வருஷமே அந்தப் பெருமையில் மண் விழுந்தது. அதே கிளப்பைச் சேர்ந்த மிஸஸ் கீத் ஸ்பால்டிங் 426 பவுண்டு வாள்மீனைப் பிடித்துவிட்டார். எட்டு பவுண்டு அதிகம். ஒரு பெண் தனியாளாக இதைப் பிடித்திருக்க முடியாது என்கிற ரீதியில் கிரே பேசிவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சொன்னது கிளப். கடைசியில் அவர் கிளப்பை விட்டே வெளியேறினார். ஆயிரக்கணக்கில் ரசிகைகள் வைத்திருந்த எழுத்தாளர், வீட்டில் ஒரு பெண்ணின் உழைப்பில் எழுத்தாளரானவர், இதைப் பேசியிருக்கிறார் என்பதுதான் எனக்குக் கசக்கிறது. ஒரு விஷயம் கவனிங்க: நல்ல டிராக் வந்த பிறகு வெறும் புஜபலத்துக்கு மதிப்பு குறைந்துவிட்டது. பொறுமையும் கணிப்பும் இருந்தால் யாராலும் முடியும். ரீலுக்குப் புரிந்தது கிரேவுக்குப் புரியவில்லை.

எந்த பிராண்டு பெஸ்ட்?

கிளப் போனால் என்ன, கடல் இருக்கிறதே. 1924-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியா போனார். 758 பவுண்டு சூரை. 1926-ல் நியூசிலாந்து. அங்கே கம்புக்குக் கீழே ரீலைத் தொங்கவிட்டு, மூன்று முள் தூண்டிலால் பிடிக்கிற வழக்கம். அது தப்பு என்று இவர் வெளிப்படையாக எழுத, உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். அதே பயணத்தில் கூட வந்த நண்பர் கேப்டன் லாரி மிட்செல் 976 பவுண்டு கறுப்பு மார்லினைப் பிடித்து உலக சாதனை செய்தார். மார்லின் என்பது நம்ம மயில் மீனின் சொந்தக்காரன், உருவத்தில் பல மடங்கு. சாதனை நண்பர் கைக்குப் போனதில் கிரேவுக்கு எவ்வளவு தூக்கம் போயிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க.

இப்படிப்பட்ட ஆளுக்கு ரீல் செய்து கொடுப்பது லேசுப்பட்ட வேலையா? நியூயார்க்கின் எட்வர்ட் வோம் ஹோஃப் கம்பெனி ரீல்கள் நகை மாதிரி இருக்கும். பக்கத் தட்டு கெட்டி ரப்பர், விளிம்பு ஜெர்மன் சில்வர். ஆனால் அவை ஆற்றிலும் கரையோரத்திலும் வளர்ந்த பரம்பரை. மீனின் எடை ஏற ஏற, இன்னும் பெரிய ஸ்பூல் வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஜோ காக்ஸ் என்பவர் பட்டறை வைத்து ராட்சத ரீல் செய்தார். ஹாலிவுட்டில் ஆர்தர் கோவலோவ்ஸ்கி என்ற ஹங்கேரிக்காரர் கையாலேயே ஒவ்வொன்றாகச் செய்தார். இருவருமே கிரே வீட்டிலிருந்து எட்டுகிற தூரம். கஸ்டமர் சர்வீஸ் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலத்தில், செய்தவர் முகத்துக்கு நேராகவே போய்க் குறை சொல்லலாம். அதைவிட என்ன வேண்டும்?

இங்கிலாந்தின் அல்ன்விக் ஊரிலிருந்த ஹார்டி கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. கிரே பிறந்த அதே 1872-ல் தொடங்கிய கம்பெனி. ஆற்று மீனுக்கான நுணுக்கமான ரீல்களில் பேர் வாங்கியவர்கள், 1920-களின் கடைசியில் 'ஸேன் கிரே' என்ற பெயரிலேயே ஒரு கடல் ரீலைக் கொண்டுவந்தார்கள். உப்புத்தண்ணி அரிக்காத நிக்கல், செம்புக் கலவையான மோனெல் உலோகத்தில் செய்தது. விலை, சாதாரண சம்பளக்காரர் பக்கத்தில் போக முடியாதது. இன்னிக்கு ஒரு கிரிக்கெட் வீரர் பேரில் பேட் வருகிறது இல்லையா, அதே மாதிரிதான். ஒரே வித்தியாசம், இந்த ஆள் விளம்பரத்துக்குச் சிரித்துவிட்டுப் போகவில்லை. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் கடலில் அந்த மாதிரி ரீல்களைப் போட்டு வதைத்தார்.

என்னைக் கேட்டால், உப்பைத் தாங்குவதில் ஹார்டி. பழுது பார்க்க, மாற்றிக் கேட்க உள்ளூர்க் கைவினைஞர்கள். அழகுக்கு வோம் ஹோஃப். எல்லோருக்கும் பொதுவான பலவீனம் ரீலில் இல்லை, நூலில் இருந்தது. நைலான் வராத காலம். லினன் நூல்தான். ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்ததும் முழு நூலையும் உருவி, உப்புப் போக அலசி, காயவைக்கணும். ஒரு நாள் சோம்பல்பட்டால் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். என் ரீல் இறுகினதுக்குக் கம்பெனியை மட்டும் திட்டியது தப்போ என்று இதைப் படித்தபோதுதான் தோணுச்சு. நான் ஒரு தடவைகூட நல்ல தண்ணியில் அலசவில்லை!

சுறா தின்ற சாதனை

1930 மே மாதம், தஹிதி தீவு. பெரிய மார்லின் ஒன்று மாட்டியது. மணிக்கணக்கில் போராட்டம். ரீல் தாங்கியது, நூல் தாங்கியது, கிரேவும் தாங்கினார். படகுக்குக் கிட்டே வந்தபோது சுறாக்கள் வந்துவிட்டன. வால் பக்கம் பெரிய பெரிய துண்டுகளாகப் பிய்த்துத் தின்றுவிட்டன. மிச்சம் இருந்ததை நிறுத்தபோதே 1,040 பவுண்டு, நம்ம கணக்கில் 470 கிலோவுக்கு மேல். கம்பும் ரீலும் வைத்து ஒரு மனிதர் பிடித்த முதல் ஆயிரம் பவுண்டு மீன் அது. ஆனால் விதிப்படி, வேறு விலங்கு கடித்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. வாழ்நாள் கனவு கையில் வந்து, ஏட்டில் ஏறவில்லை.

இந்தக் கனவுக்கு யார் பில் கட்டியது? அமெரிக்கா பொருளாதார வீழ்ச்சியில் தவித்த வருஷங்கள் அவை. பத்திரிகைகள் கொடுக்கிற தொகை குறைந்தது. இவரோ பெரிய கப்பல், சிப்பந்திகள், தஹிதியில் முகாம் என்று இருந்தார். கூடப் பயணம் செய்யத் தோழிகளும் இருந்தார்கள், டாலிக்குத் தெரியும். அடிக்கடி வரும் கடும் மனச்சோர்விலிருந்து தப்பிக்கவும் அவருக்குக் கடல் தேவைப்பட்டது. கலிபோர்னியா வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளை வளர்த்து, கடன்காரர்களைச் சமாளித்து, கையெழுத்துப் பிரதிகளைப் பணமாக்கியவர் டாலி. அந்தப் பாதிப் பங்கு மட்டும் அவர் கையில் இல்லாமல் இருந்திருந்தால், எந்த ரீலுக்கும் ஆர்டர் போயிருக்காது.

1936-ல் ஆஸ்திரேலியா. சிட்னி பக்கத்தில் 1,036 பவுண்டு புலிச்சுறா ஒன்றைப் பிடித்தார். 'ஒயிட் டெத்' என்ற படத்தில் தானாகவே நடிக்கவும் செய்தார். அதே வருஷம் பிலடெல்பியாவில், ஆட்டோ ஹென்ஸ் என்பவர் தொடங்கிய பென் கம்பெனி 'செனட்டர்' என்ற கடல் ரீலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஸ்டார் டிராக், ஆனால் ஃபேக்டரியில் மொத்தமாகச் செய்தது. சாதாரண ஆளும் வாங்குகிற விலை. பல பத்தாண்டுகள் அதே மாடல் பெரிய மாற்றமில்லாமல் விற்றதால், உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. கைவினை ராஜாக்களின் காலம் மெல்ல முடிந்தது. காக்ஸ் பெயரை வேறொரு கம்பெனி வாங்கி, மலிவு ரீல்களில் ஒட்டி விற்றது.

1937-ல் ஆரிகன் மாநிலத்தின் நார்த் உம்க்வா நதிக்கரையில் கிரேவுக்குப் பக்கவாதம் வந்தது. தேறி, மறுபடியும் ஆஸ்திரேலியாவுக்குப் போனார் என்றால் நம்புவீங்களா? 1939 அக்டோபர் 23-ல் கலிபோர்னியாவின் ஆல்ட்டடீனா வீட்டில் இதயம் நின்றது. வயது 67.

அலமாரியில் அச்சாகாத நாவல்கள் குவிந்து கிடந்தன. டாலி அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டபடி 1957 வரை வாழ்ந்தார். இருவரின் சாம்பலும் லாக்கவாக்ஸனில், அவர்கள் முதலில் சந்தித்த அதே டெலவேர் கரையில் புதைக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் வாழ்ந்த வீடு இப்போது மியூசியம்.