செம்பூரில் தொடரும் விஜய் மெர்ச்சன்டின் இரண்டாவது இன்னிங்ஸ்

மும்பை: இந்திய கிரிக்கெட்டின் தொடக்க கால ஜாம்பவான்களுள் ஒருவரான விஜய் மெர்ச்சன்ட், 1911 அக்டோபர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். முதல்தரப் போட்டிகளில் அவரது சராசரி 71.64. நீண்ட காலம் ஆடியவர்களில் டான் பிராட்மேனுக்கு அடுத்த இடம் இவருக்கே.

ஆயினும், அவர் ஆடிய டெஸ்ட் போட்டிகள் 10 மட்டுமே. அவரது சிறந்த ஆண்டுகளை இரண்டாம் உலகப்போர் விழுங்கியது. 1947-48 ஆஸ்திரேலியப் பயணத்துக்குக் கேப்டனாகத் தேர்வான போதும், உடல்நலக் குறைவால் அவரால் செல்ல இயலவில்லை. 1951 நவம்பரில், தமது 40-ஆவது வயதில், டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக 154 ரன்கள் குவித்தார். அதே போட்டியில் ஃபீல்டிங்கின்போது தோளில் ஏற்பட்ட காயம் அவரது ஆட்ட வாழ்வை முடித்து வைத்தது.

அதன் பின்னர் குடும்பத்தின் பஞ்சாலைத் தொழிலைக் கவனித்தார். வானொலியில் கிரிக்கெட் குறித்து உரையாற்றினார். தேசியத் தேர்வுக்குழுவின் தலைவருமானார். 1971-இல் அவர் அளித்த தீர்மான வாக்கே அஜித் வடேகரைக் கேப்டனாக்கியது. அவ்வாண்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா தொடர்களை வென்றது.

எனினும், பிற்கால வாழ்வில் அவர் மனம் ஒன்றியது மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுப் பணியிலேயே. அவர்களுக்குச் சம வாய்ப்பு வேண்டி 1968-இல் உருவான நாசியோ அமைப்பை முன்னின்று வளர்த்தார். 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பேட்கருக்கும் அவரது உதவி கிட்டியது.

1987 அக்டோபர் 27 அன்று மெர்ச்சன்ட் மறைந்தார். 16 வயதுக்குட்பட்டோருக்கான தேசியக் கோப்பை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. செம்பூரில் நாசியோவின் தொழிற்பயிற்சிப் பணி தொடர்கிறது.