சாயர்புரம் செமினரியும் போப் ஐயரும்

திருக்குறளை மொழிபெயர்த்தவர் என்றுதான் ஜி.யு. போப்பை நம்மில் பலருக்குத் தெரியும். எனக்கு அவர் முதலில் வாத்தியார். 1820-ல் இன்றைய கனடாவில் பிறந்தவர், 1842-ல் இந்தப் பனங்காட்டுக்கு வந்து, உபதேசியார்களையும் குருமார்களையும் உருவாக்க ஆங்கிலிக்கன் செமினரி ஆரம்பித்தார். பனையேறி வீட்டுப் பிள்ளைகள் லத்தீனும் கிரேக்கமும் படித்தார்கள் என்றால் சும்மாவா! பிரம்புக்கும் குறைச்சல் இல்லை. அந்த அடியை நான் நியாயப்படுத்த மாட்டேன். கண்டிப்பு அவருக்கு மனக்கசப்புகளையே சேர்த்தது. 1849-ல் இங்கிலாந்து திரும்பினார்.

மறுபடி வந்து தஞ்சாவூர், ஊட்டி, பெங்களூர் என்று உழைத்தார். செமினரி தூத்துக்குடிக்குப் போய்க் கால்டுவெல் கல்லூரியாகி, பிறகு அதுவும் மூடிப்போச்சு. ஐயரோ ஆக்ஸ்போர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே 1886-ல் குறளையும், எண்பது வயதில் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். 1908-ல் காலமானார். 1962-ல்தான் சாயர்புரத்தில் அவர் பேரில் நம்ம காலேஜ் வந்தது.